சலங்கை கழண்டுடுச்சு மிஸ்

"மிஸ், சலங்கை கழண்டுடுச்சு."

பாட்டு இன்னும் ஒரு சுற்றுகூட முடியவில்லை.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் மேனேஜர் மேடம் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

நேற்று என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். உன் வகுப்பில்தான் பிள்ளைகள் ஓயாமல் குறை சொல்கிறார்கள். நாளைக்கு நானே வந்து பார்க்கிறேன். இப்படியே இருந்தால் வேறு ஆளைப் போட்டுக்கொள்கிறேன்.

அந்த வேறு ஆள் ஏற்கெனவே வந்து வரவேற்பறையில் உட்கார்ந்துவிட்டுப் போயிருந்தாள். பளிச்சென்று இருந்தாள். நடையிலேயே ஒரு துள்ளல்.

அதனால் வகுப்பு தொடங்கும் முன்பே கெஞ்சாத குறையாகச் சொல்லியிருந்தேன். இன்றைக்கு ஒரு நாள் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. தாகம் கிடையாது, தொடை வலி கிடையாது, ஃபேன் காற்று வரவில்லை என்பதும் கிடையாது.

தலையைத் தலையை ஆட்டினார்கள், மகராசிகள்.

"வாடி" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

வந்தவள் தொணதொணப்பு. அந்தப் பெயரை நான்தான் வைத்தேன். மொத்த வகுப்பின் குறைகளுக்கும் அவள்தான் தலைவி. தரையில் உட்கார்ந்து, அவள் காலை மடியில் இழுத்து வைத்து, வாரை இறுக்கினேன். டீச்சர் காலைத்தான் பிள்ளைகள் தொடுவார்கள் என்று கேள்வி. என் விதி தலைகீழ்.

சலங்கையை நான் மட்டும்தான் கட்டுவேன் என்பது நானே போட்ட சட்டம். ஆளாளுக்குக் கட்டிக்கொண்டால் சத்தம் ஆளுக்கொரு பக்கம் போகும்.

ஆனால் உட்கார்ந்தது சுகமாக இருந்தது. அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். குதிகால் வீங்கி ஒரு மாதமாகிறது. நிற்காதே என்றார் டாக்டர். நிற்காவிட்டால் யார் சோறு போடுவார்கள் என்பதை அவர் எழுதித் தரவில்லை.

முன்பெல்லாம் தட்டுக்கழி இருந்தது. தரையில் உட்கார்ந்து, பலகையில் தட்டித் தாளம் சொல்லித் தருவேன். மேடம் சுவரில் ஸ்பீக்கர் மாட்டினார். தாளத்தை அது பார்த்துக்கொள்ளும், நீ எதற்கு உட்கார வேண்டும், கூடவே ஆடு, பெற்றோர் பார்க்கிறார்கள் என்றார். கழியும் பலகையும் எங்கே போயினவோ தெரியாது. அன்றிலிருந்து நாலு வகுப்புக்கும் நானும் சேர்ந்து தரையை மிதிக்கிறேன்.

குதிகாலைப் பற்றி யாரிடமும் மூச்சுவிடவில்லை. விட்டால் அன்றைக்கே துள்ளல்காரி உள்ளே வந்துவிடுவாள்.

எழுந்தேன். நாலு அடி வைத்திருப்பேன்.

"மிஸ், எனக்கும்."

இவள் குட்டச்சி. மறுபடியும் உட்கார்ந்தேன். கதவுப் பக்கம் பார்க்கவே பயமாக இருந்தது. எங்கள் வீட்டில் முதன்முதலில் பட்டம் வாங்கியவள் நான். ஆட்டத்துக்கெல்லாம் ஒரு டிகிரியா என்று பெரியப்பா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அதையும் தாங்கிப் படித்தது, இந்தச் செல்லம் கொடுத்துக் கெட்ட கழுதைகள் வாயால் வேலையை இழக்கத்தானா?

அவள் வாரைப் பார்த்தேன். அது தானாகக் கழன்றிருக்க முடியாது. நான் போடுவது இரட்டை முடிச்சு. அவிழ்க்க நானே பல்லால் கடிக்க வேண்டும்.

நிமிர்ந்தேன். எதிரே சுவர் முழுக்கக் கண்ணாடி.

கண்ணாடியில் பின்வரிசை தெரிந்தது. தொணதொணப்பு மண்டியிட்டு, நெட்டையின் முடிச்சை நகத்தால் கெல்லிக்கொண்டிருந்தாள்.

பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் அவள் குசுகுசுப்பு எனக்குத் தெளிவாகவே கேட்டது.

"அடுத்து நீ போடி. மிஸ் எழுந்தா திரும்பவும் ஆடுவாங்க. கால் எப்படி வீங்கியிருக்குன்னு பாத்தேல்ல?"

குட்டச்சியின் வாரை முடிந்து, காலை மடியிலிருந்து இறக்கினேன்.

தாகம், தொடை வலி, காற்று வராத ஃபேன். ஒரு மாதமாக இவர்கள் சொன்ன அத்தனையும் மனதில் ஓடியது. ஒவ்வொன்றும் நான் தரையை ஓங்கி மிதிக்க வேண்டிய இடத்தில்தான் வந்திருந்தது.

அடிப்பாவிகளா, இதனால்தான்டி என் வேலை போகப் போகிறது என்று கத்த வாயெடுத்தேன்.

நெட்டை வந்து நின்றாள். வார் பின்னால் இழுபட்டுக் கிடந்தது. முகத்தில் அப்பாவிக் களை வேறு.

கதவு திறக்கும் சத்தம் கேட்டது. மேடத்தின் செருப்பு உள்ளே வந்தது.

நான் எழவில்லை. காலை நன்றாக நீட்டி, நெட்டையின் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

முடிச்சை லேசாகப் போட்டேன்.