மூன்றாவது மாடிக் கதவு

"பெரியவரே, நான்தான். கட்டு மாத்த வந்திருக்கேன், கதவைத் திறங்க."

"எந்த நர்சும் எனக்கு வேண்டாம். போயிடும்மா."

மூன்று மாடி ஏறி வந்த நர்ஸ், பையைப் படியில் வைத்துவிட்டுத் தானும் அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள். இன்று திறக்காத கதவுகளில் இது நாலாவது. போன மாதம் வரைக்கும் வாம்மா, உட்காரும்மா, தண்ணி குடிக்கிறியா என்று உபசரித்த ஜனங்கள்தான். தேர்தல் வந்தாலும் வந்தது, காவல் இயக்கம் என்று ஒன்று புறப்பட்டு, வெளியாட்கள் நர்ஸ் வேஷத்தில் வந்து வீடு புகுகிறார்கள் என்று ஊர் முழுக்கக் கிளப்பிவிட்டது. யார் வீட்டில் யார் புகுந்தார்கள் என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. ஆனால் நடுக்கம் மட்டும் எல்லாருக்கும் வந்துவிட்டது.

இந்தப் பெரியவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், தனிக்கட்டை. சர்க்கரை வியாதியில் பாதத்தில் புண். ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்ற வேண்டிய கட்டை மாற்றி ஆறு நாளாகிவிட்டது. இன்றும் விட்டால் காலை எடுக்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால்தான் அவருடைய மகளுக்கு போன் போட்டு வரச் சொல்லியிருந்தாள்.

மகள் மூச்சிரைக்க மேலே வந்தாள். "ஆறு நாளா? எனக்குத் தெரியவே தெரியாதே."

"முந்தாநாளிலேர்ந்து கூப்பிடறேன்மா. இன்னைக்குத்தான் எடுத்தீங்க."

மகள் கதவைத் தட்டினாள். "அப்பா, நான்தாம்ப்பா. திறங்க."

உள்ளே நாற்காலியை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுக்கும் சத்தம் கேட்டது.

"அப்பா, உங்க பொண்ணு வந்திருக்கேன்."

"அப்படித்தான் சொல்லுவீங்கன்னு தெரியும். குரல்கூட அச்சு அசலா அவளை மாதிரியே இருக்கு. கெட்டிக்காரிதாம்மா நீ."

"ஐயோ அப்பா, கதவுல இருக்கற கண்ணாடி வழியாத்தான் பாருங்களேன்."

"அதுல காகிதம் ஒட்டியாச்சு. எட்டிப் பாத்தா கண்ணுல எதையாவது அடிச்சிடுவீங்களாமே."

"சின்ன வயசுல உங்க பஸ்ல ஏறி, டிப்போ வர்ற வரைக்கும் ஹார்ன் அடிச்சிக்கிட்டே வருவேனே, அது வேற யாருக்குத் தெரியும்?"

உள்ளே நாற்காலி லேசாக நகரும் சத்தம் கேட்டது. நர்ஸுக்கு நம்பிக்கை வந்து, எழுந்து பையைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"அதெல்லாம் விசாரிச்சுக்கிட்டுத்தான் வருவீங்களாம்," என்றார் பெரியவர். "சொந்தக்காரங்க மாதிரி பேசுவாங்க, பழைய கதையெல்லாம் சொல்லுவாங்க, ஏமாந்துடாதீங்கன்னு சொல்லியிருக்கு."

நர்ஸ் பையைத் திரும்பவும் கீழே வைத்தாள். அலுத்துப் போயிற்று அவளுக்கு. "ஓட்டு வாங்கிக்கிட்டு அவங்க பாட்டுக்குப் போயிடுவாங்கம்மா. கால் போகப்போறது இவருக்குத்தான்."

மகளுக்கு அழுகை வந்துவிட்டது. நெற்றியைக் கதவில் சாய்த்துக்கொண்டாள். "யாருப்பா உங்க மனசுல இதையெல்லாம் ஏத்திவிட்டாங்க? அந்த இயக்கத்து ஆளுங்க பேச்சையா நம்பறீங்க?"

"இயக்கமாவது ஒண்ணாவது. அந்தப் பயலுங்க பேச்சை எவன் நம்புவான்? என் பொண்ணு சொன்னா, அதான் நம்பறேன்."

"நானா?"

"நீ இல்லம்மா, என் பொண்ணு. முன்னெல்லாம் மாசத்துக்கு ஒரு தடவை பேசினாலே பெரிய விஷயம். இப்ப ஒரு மாசமா தினம் காலையில எட்டு மணிக்கு டாண்ணு போன் பண்றா. அப்பா, யார் வந்தாலும் கதவைத் திறக்காதீங்க, ஜாக்கிரதையா இருங்கங்கறா. புண்ணு எப்படி இருக்குன்னு சொல்ல வாயெடுக்கறதுக்குள்ள வச்சிடுவா. பாவம், அவளுக்கு எப்பவும் அவசரம்."

நர்ஸ் திரும்பி மகளைப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்துக் கிடந்தது.

"இயக்கத்து ஆபீஸ்ல எழுதிக் குடுத்தாங்க," என்றாள் மெதுவாக. "அப்பா, அம்மான்னு ரெண்டு விதமா படிச்சு ரெக்கார்ட் பண்ணிக் குடுத்தேன். போன்ல தானா யார் யாருக்கோ போகும்னு நெனச்சேனே தவிர..."

சட்டென்று திரும்பி இரண்டு கையாலும் கதவைத் தட்டினாள். "அப்பா, அது நான்தாம்ப்பா! அத்தனையும் பொய்ப்பா, திறங்கப்பா!"

உள்ளே இரண்டாவது தாழ்ப்பாளும் விழுந்தது.

"என் பொண்ணு எங்கிட்ட பொய் சொல்ல மாட்டா."