காயாத பெயிண்ட்

"உங்கள் பயிற்சி மாணவிக்கு உயிருள்ள பறவைக்கும் மரப் பறவைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஒன்பது நாளாகக் கவனித்து வருகிறேன்."

புகார்ப் புத்தகத்தில் இப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தவர், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். தினமும் சாயங்காலம் சொந்த பைனாகுலரோடு ஏரிக்கு வருகிறவர். தப்பைக் கண்டுபிடித்துச் சுழிக்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது.

ஏரிப் பறவைகள் அலுவலகத்தின் அதிகாரியம்மா அதைப் படிக்கும்போதே கடுப்பில்தான் இருந்தார். வாசலில் சரளைக்கல் பரப்பிய இடத்தில் அவர் வண்டிக்கென்றே ஒரு மூலை உண்டு. அங்கே 'பெயிண்ட் காயவில்லை. வண்டி நிறுத்தாதீர்' என்று ஒரு பலகை. ஓரக்கல்லுக்குப் பெயிண்ட் அடித்தார்களாம். மூன்று வாரமாகத் தெருவில் வண்டியை விட்டுவிட்டு வெயிலில் நடந்து வருகிறார். இந்த வெயிலிலும் காயாத பெயிண்ட்டை எந்தக் கடையில் வாங்கினார்கள் என்று விசாரிக்க அவருக்கு நேரமில்லை.

மாணவியைக் கூப்பிட்டு அனுப்பினார்.

கோடை விடுமுறையில் ஆறு வாரப் பயிற்சிக்கு வந்தவள் அவள். காலையில் பறவைகளை எண்ண வேண்டும். சாயங்காலம் கரையிலுள்ள மேடையில் தொலைநோக்கியை வைத்து, வருகிற ஜனங்களுக்குப் பறவையைக் காட்டி விளக்க வேண்டும். விளக்க ஆரம்பித்தால் நிறுத்த மாட்டாள் என்பதால் அலுவலகத்தில் அவளுக்கு மைக்செட் என்று பெயர். இன்றோடு பயிற்சி முடிகிறது. மேஜையில் அவளுடைய சான்றிதழ் கையெழுத்துக்காகக் காத்திருந்தது. அது இல்லாமல் திங்கட்கிழமை மேற்படிப்பு நேர்முகத்துக்குப் போனால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

"திட்டுல உக்காந்திருக்கே ஆலா, அது மரம்னு தெரியுமா உனக்கு?"

ஏரி நடுவிலுள்ள மணல் திட்டில் அந்த மரப் பறவையைப் போன வருஷம் வைத்ததே அலுவலகம்தான். தன் இனம் ஒன்று உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் நிஜ ஆலாக்களும் நம்பி வந்து முட்டையிடும் என்று ஒரு யோசனை. இதுவரை எந்த ஆலாவும் ஏமாறவில்லை.

"தெரியும் மேடம். முதல் வாரம் அதுக்கு நான்தானே பெயிண்ட் அடிச்சேன்."

அதிகாரியம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தெரியாத்தனத்தை மன்னிக்கலாம் என்றல்லவா நினைத்திருந்தார்.

தோண்டித் துருவிக் கேட்டதில் எல்லாம் வெளியே வந்தது. அடைகாக்கிற தாய் என்று சொன்னாளாம். வயிற்றுக்கடியில் மூன்று முட்டை என்றாளாம். ஒரு அம்மா "பெத்தவன்னா இவதான்" என்று மூக்கைச் சிந்தினாராம்.

அதிகாரியம்மா சான்றிதழை மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

"பொய் சொல்றவங்களுக்கு இங்க கையெழுத்து கிடையாது. இப்பவே வா. எல்லாருக்கும் முன்னாடி அது மரம்னு உன் வாயால சொல்லு."

மைக்செட் ஜன்னல் வழியாக வாசல் பக்கம் ஒரு தரம் எட்டிப் பார்த்தாள்.

"சொல்லிடறேன் மேடம். நாலு நாள் கழிச்சு வந்து சொல்லட்டுமா?"

அதிகாரியம்மா எழுந்து நடந்தார். மேடை முப்பதடி தூரத்தில் இருந்தது. இருபது பேர் ஏரியைப் பார்த்தபடி தொலைநோக்கியைச் சூழ்ந்து நின்றார்கள். சுற்றிப் போகப் பொறுமையில்லாமல், அவர் பலகையைத் தாண்டித் தன் மூலைக்குள்ளேயே காலை வைத்தார்.

"மேடம், கால்," என்றாள் மைக்செட், மேடைக்குக் கேட்காத குரலில்.

தூக்கிய அடுத்த கால் அப்படியே நின்றது. சரளைக்கற்களுக்கு நடுவிலிருந்து ஒரு கல் எழுந்து ஓடியது. கல் இல்லை, கைக்குள் அடங்குகிற உப்புக்கொத்திக் குருவி. அது இருந்த இடத்தில், கல் நிறத்திலேயே மூன்று முட்டைகள்.

அதிகாரியம்மா மெதுவாகக் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"போன தடவை சொன்னேன் மேடம்."

போன தடவை நடந்தது அவருக்கு நினைவிருந்தது. நடைபாதை ஓரத்தில் இதே மாதிரி ஒரு கூடு. அவர் கயிறு கட்டி, தன் படம் போட்ட பேனர் வைத்தார்: 'இங்கே கூடு உள்ளது. தொந்தரவு செய்யாதீர்.' தொந்தரவு செய்யாமல் இருக்க ஊரே திரண்டு வந்தது. மூன்றாம் நாள் தாய்க்குருவி போனது, திரும்பவில்லை. ஆறிப்போன முட்டைகளை எடுத்தவள் இந்தப் பெண்தான். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

"கூட்டம் இந்தப் பக்கம் திரும்பாம இருந்தாதான் இது உக்காரும் மேடம். அந்தப் பக்கம் காட்டறதுக்கு மரந்தான் இருந்துச்சு. இன்னும் நாலு நாள்ல குஞ்சு பொரிச்சுடும்."

அதிகாரியம்மா பலகையைப் பார்த்தார். தன் செருப்பைப் பார்த்தார். வெட்கமாக இருந்தது. கைப்பையிலிருந்து சான்றிதழை எடுத்து, 'பெயிண்ட் காயவில்லை' மேலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டார். பிறகு பலகையை நேராக்கி வைத்துவிட்டு, இந்தத் தடவை சுற்றிக்கொண்டே மேடைக்குப் போனார்.

கணக்கு வாத்தியார் அவருக்காகவே காத்திருந்தார். "வாங்க மேடம். அது மரம்னு நீங்களே இவங்களுக்குச் சொல்லிடுங்க."

இருபது முகமும் அதிகாரியம்மா வந்த பக்கம் திரும்பத் தொடங்கின. பின்னால் சரளைக்கல்லில் குருவி ஒவ்வொரு அடியாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது.

அதிகாரியம்மா விறுவிறுவென்று தொலைநோக்கியில் கண்ணை வைத்தார்.

"எல்லாரும் இங்க பாருங்க," என்றார். "சார், நீங்க அந்த பைனாகுலரைக் கொஞ்சம் துடைச்சுக்கோங்க. இப்பதான் கழுத்தைத் திருப்புச்சு."