லண்டன் எம்புட்டு தூரம்?

"சென்னையிலருந்து லண்டனுக்கு எம்புட்டு தூரம்?" பிரவுசிங் சென்டர் ஜாஸ்பினிடம் போனில் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தான் முனியராஜ்.

"எட்டாயிரத்து இருநூறு கிலோமீட்டரா? பிளைட்டுல பத்தரை மணி நேரமா? இடையில எங்கயும் நிக்காதுல்ல?"

அடுப்படியில் வேல்விழிக்குக் கை ஓடவில்லை. கல்யாணமாகி நாலு மாதம்கூட ஆகவில்லை. ஒரு வார்த்தை சொல்லாமல் சீமைக்குக் கிளம்புகிறாரே!

"என்னைய விட்டுட்டுப் போகப் போறீகளா?" கேட்கும்போதே கண் கலங்கிவிட்டது.

சிரித்துக்கொண்டே, எழுதிய தாளை நீட்டினான். அவன் வேலை பார்க்கும் பட்டாசுக் கம்பெனிக்கான புது லேபிள்.

'லண்டன் எக்ஸ்பிரஸ் ராக்கெட்! 8,200 கிலோமீட்டர், இடையில் நிற்காது!'

வேல்விழி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "போன வருசம் நீங்க விட்டுப் பாத்த ராக்கெட்டு, எங்கம்மா வீட்டு முருங்கை மரத்தையே தாண்டலையே!"

"தாண்டியிருந்தா, அதை எடுக்க வந்து உன்னைய எப்படிப் பாத்திருப்பேன்?"