ராணியைக் கூப்பிடும் குரல்

நுவரெலியாவுக்குப் போகிற வழியில் ஒரு பகல் இளைப்பாறலாமென்று ஜீவராணி வட்டகொடையில் ரயிலை விட்டிறங்கி, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் தான் பிறந்த வீட்டுக்கு நடந்தாள். அம்மா சாகும்போது அவள் குவைத்தில் வீட்டுவேலையில் இருந்தாள், வர விடவில்லை. அந்த வீட்டில் இப்போது நாகலெட்சுமியின் குடும்பம் இருந்தது. வாசலில் உட்காரவைத்துப் பாலில்லாத தேநீர், சாயத்தண்ணி, கொடுத்தார்கள். மலையும் காற்றும் அப்படியேதான் இருந்தன. பேச்சு சுவாரசியத்தில் பொழுது சாய்ந்ததே தெரியவில்லை.

தேயிலைச் சரிவிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ராணீ, பனி எறங்குது, வீட்டுக்கு வா."

அம்மாவின் குரல். சரிவில் யாரும் இல்லை.

"நாங்க குடிவந்த நாள்லருந்து கேக்குதுங்க அக்கா," என்றாள் நாகலெட்சுமி சாதாரணமாக. "எங்க வீட்டுல ராணின்னு யாருமில்ல. பாவமேன்னு எங்க புள்ள 'வாறேம்மா'ன்னு சொல்லுவா. அதோட நின்னுரும்."

பக்கத்திலிருந்த நாகலெட்சுமியின் மகள் பதில் சொல்ல வாயெடுத்தாள். ஜீவராணி அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"வந்துட்டேம்மா," என்றாள்.

வீட்டுக்காரர்கள் எல்லோரும் வாசலில்தான் இருந்தார்கள். குரல் இப்போது வீட்டுக்குள்ளிருந்து, வெகு கிட்டத்தில் கேட்டது.

"கால்ல அட்டை இருக்கான்னு பாத்துட்டு உள்ள வா."

ஜீவராணி குனிந்து பார்த்தாள். கணுக்காலில் ஓர் அட்டை இரத்தம் குடித்துக் கொழுத்திருந்தது.