ஒரு சாண் இடைவெளி

ஆஸ்பத்திரியின் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே ஆக்சிஜன் குழாய்க்கும் ஏசி காற்றைக் கொண்டுபோகும் பெரிய டக்டுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. குழாய்க்கு அது பொறுக்கவே இல்லை.

“இந்தக் கட்டடம் வெறும் கம்ப்யூட்டர் வரைபடமா இருந்த காலம் ஞாபகம் இருக்காண்ணே? உங்க வயித்துக்குள்ள புகுந்துதானே போய்க்கிட்டிருந்தேன்.”

“மறக்குமா? நாம முட்டுன இடம் திரையில சிவப்பா மின்னுச்சு. இன்ஜினியரம்மா ரெஜினா உடனே உன்னைத் தள்ளி வச்சுட்டாங்க” என்றது டக்ட்.

“அப்படியே விட்டிருக்கலாம்.”

“விட்டிருந்தா, கட்டும்போது உன்னை வளைச்சு நெளிச்சு நுழைச்சிருப்பாங்க. உனக்குள்ள ஒழுங்கா ஆக்சிஜன் போகுமா?”



கீழே ஒரு குறைமாதக் குழந்தையைக் கொண்டுவந்தார்கள். வால்வு திறந்தது. குழாய்க்குள் ஆக்சிஜன் தங்குதடையின்றி ஓடியது. குழந்தையின் நெஞ்சு மெல்ல ஏறி இறங்குவதை இரண்டும் சீலிங் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தன.

வெகுநேரம் கழித்துக் குழாய் கேட்டது: “ஏண்ணே, நாம முட்டிக்காம இருக்க இந்த ஒரு சாண் போதுமா?”