எலி வாங்கிய ரோட்டரி டூல்

மழைக்கு முன் குடிபோக, சாம்பமூர்த்தி என்ற எலிக்கு நல்ல மரப்பெட்டி ஒன்று கிடைத்தது. அதில் வாசல் போட வேண்டியதுதான் பாக்கி. அவன் நேரே ஓணானின் கடைக்குப் போய், முனையை மாட்டிச் சுழலவிட்டுத் துளை போடும் ரோட்டரி டூல் கேட்டான்.

"ஒரு ஓட்டை போடத்தானே? இந்தச் சின்னதே போதும்," என்றது ஓணான்.

"நாளைக்கே கண்ணாடியில பூ செதுக்கணும்னு தோணினா?" என்ற சாம்பமூர்த்தி, நூற்றிருபது முனைகள் கொண்ட பெரிய செட்டைத் தூக்கி வந்தான்.

மூன்று நாள் முனைகளை அளவுவாரியாக அடுக்கினான். நான்காம் நாள், பாலிஷ் போடும் முனையை மாட்டி, முழு வேகத்தில் மரத்தின் மேல் வைத்து அழுத்தினான். புகைதான் வந்தது.

"என்னங்க, வானம் இருட்டிட்டு வருது. குழந்தைங்க நனைஞ்சிடும்," என்றாள் மனைவி கோமளம்.

"எந்த முனைன்னு பார்த்துக்கிட்டு இருக்கேன்ல? பொறு!"

கோமளம் பெட்டியின் மறுபக்கம் போய், பல்லால் கடிக்க ஆரம்பித்தாள். மழை வலுப்பதற்குள் குழந்தைகளோடு உள்ளே நுழைந்துவிட்டாள்.

சொட்டச் சொட்ட நனைந்தபடி கடைசியாக உள்ளே வந்த சாம்பமூர்த்தி, வாசலின் ஓரத்தைத் தடவிப் பார்த்தான்.

"கொஞ்சம் சொரசொரப்பா இருக்கே, கோமளம்," என்றான். "மெஷின்ல போட்டிருந்தா இப்படி இருக்காது."