ஈயக் கதவு

“படிக்கட்டுல கால் வழுக்கி விழுந்துட்டா” என்றாள் மாமியார். கேட்டதென்னவோ மருமகளை. பதில் மூன்றாவது முறையாக மாமியாரிடமிருந்தே வந்தது, அதுவும் எக்ஸ்ரே அறை வாசலில் வரிசையாகக் காத்திருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும் சத்தத்தில்.

மருமகள் வீங்கிய இடது கையை மடியில் கிடத்திக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். பக்கத்து நாற்காலியில் மாமியார் முதுகைச் சாய்க்கக்கூட இல்லை. நுனியில் விறைப்பாக உட்கார்ந்து, கையில் செல்போனை இறுகப் பிடித்தபடி மருமகளுக்குக் காவல் இருந்தாள்.

கேள்வி கேட்டது ஆஸ்பத்திரியே ‘எக்ஸ்ரே அக்கா’ என்று கூப்பிடும் பெண். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன வருஷம் இப்படித்தான் ஒருத்தி வந்தாள். விரல், தோள், தாடை என்று மூன்று தடவை அவளுக்குப் படம் எடுத்தவள் அக்கா. ஒரு தடவைகூட வாயைத் திறந்து எதுவும் கேட்கவில்லை. நான்காம் தடவை அவளை நேராகப் பிணவறைக்குக் கொண்டு போனார்கள்.

போன மாதம் ஊழியர்களுக்கு ஒரு வகுப்பு நடந்தது. அடிபட்டு வருகிற பெண்ணிடம் தனியாக வைத்துப் பேசுங்கள், கூட வந்தவர்களை எப்படியாவது வெளியே நிறுத்துங்கள் என்றார்கள். இனிமேல் கேட்காமல் விடுவதில்லை என்று அக்கா அன்றே மனசுக்குள் எழுதி வைத்துக்கொண்டாள்.

“நீங்க வெளிய இருங்கம்மா. அவங்க மட்டும் வந்தா போதும்.”

“முடியாது. நானும் வருவேன்.”

“உள்ள கதிர்வீச்சு இருக்கும்மா.”

“இந்த வயசுல எனக்கு இனிமே என்ன ஆகப்போகுது? இவளைத் தனியா விடமாட்டேன்.”

மருமகளின் உதடு நடுங்குவதை அக்கா பார்த்தாள். வரிசையில் இருந்தவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். “சரி வாங்க. ஆனா செல்போன் உள்ள வரக்கூடாது.”

“என்ன சொன்ன? காதுல சரியா விழல. சத்தமா சொல்லு.”

“செல்போன் உள்ள கொண்டுவரவே கூடாது!” அக்கா ஏறக்குறைய கத்திவிட்டாள்.

மாமியார் தூங்குகிற குழந்தையைப் படுக்கவைப்பதுபோல் போனை நாற்காலியில் வைத்தாள். சுவரைப் பிடித்து எழுந்து மருமகளின் பின்னாலேயே உள்ளே வந்தாள். கனமான கதவு மெல்ல மூடிக்கொண்டது.

“இங்க பேசினா வெளிய கேக்குமா?”

“கேக்காது. ஈயத் தகடு வச்ச கதவு.” சொல்லி முடித்த பிறகுதான் அக்காவுக்குச் சந்தேகம் வந்தது. மிரட்டுவதற்கு இடம் பார்க்கிறாளோ?

மாமியாரின் குரல் சட்டென்று இறங்கியது.

“இவ எங்கயும் விழலம்மா. என் புள்ள அடிச்சான், இரும்புக் கம்பியால. நாங்க என்ன பேசுறோம்னு அந்தப் போன்ல அவன் கேட்டுக்கிட்டே இருக்கான். லைனைக் கட் பண்ணக் கூடாதுன்னு சொல்லித்தான் என்னையும் கூட அனுப்பினான். எங்களுக்கு எவ்வளவு நேரம் இருக்கு?”

அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். “பத்து நிமிஷம் இழுக்கலாம்” என்றாள். பிறகு மருமகளின் முன்னால் குனிந்தாள். “மாடியில பெண்களுக்கு உதவி பண்ற அறை ஒண்ணு இருக்கு. அங்கேர்ந்து ஆளைக் கூப்பிடட்டுமா? நீங்க சரின்னாதான் கூப்பிடுவேன்.”

மருமகள் மாமியாரைப் பார்த்தாள். “என்னைப் பாக்காத. நீ சொல்லு” என்றாள் மாமியார். மருமகள் சரியென்று தலையசைத்தாள்.

அக்கா மாடிக்கு இன்டர்காமில் பேசினாள். பிறகு மருமகளை மேசைமீது உட்காரவைத்து, கையை நோகாமல் திருப்பி வைத்துப் படம் எடுத்தாள். முன்னங்கை எலும்பு நட்டநடுவில் ஒடிந்து கிடந்தது.

“விழுறவங்க கையை ஊன்றுவாங்க, பெரும்பாலும் மணிக்கட்டுதான் போகும். இது அடியைத் தடுக்கக் கையைத் தூக்கினா உடையிற மாதிரி இருக்கு. டாக்டர்கிட்ட நான் சொல்றேன், ரிப்போர்ட்ல வரும்.” அதைக் கேட்டதும்தான் மருமகள் அழுதாள். இத்தனை நாளில் வீட்டுக்கு வெளியே அவள் பக்கம் நின்ற முதல் ஆள் இந்த அக்கா.

பின்கதவு வழியாக மாடி உதவி அறைப் பெண் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். “கைக்குக் கட்டுப் போட்டுட்டுப் பின்வாசல் வழியா போயிடலாம், வண்டி நிக்குது. தங்கப்போற இடத்தை யாருக்கும் சொல்லமாட்டோம். போலீசுக்கும் நான் கூட வர்றேன்.”

மருமகள் மேசையைவிட்டு இறங்கவில்லை. “அத்தை வராம நான் வரமாட்டேன்.”

“போடி பைத்தியம்! பெத்தவளை அவன் என்ன பண்ணிடுவான்? கூட்டத்துல உன்னைத் தவறவிட்டுட்டேன்னு சொல்லி நான் சமாளிச்சுக்கறேன். நீ கிளம்பு.”

“வரமாட்டேன்.”

“நேரம் ஆகுதும்மா, ஏதாவது ஒரு முடிவு சொல்லுங்க” என்றாள் மாடிப் பெண்.

மாமியார் மூடிய கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் மருமகளைக் கைத்தாங்கலாக இறக்கிச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்தாள். நிமிர்வதற்குள் மூச்சு இரைத்தது. அக்காவின் முகத்தைப் பார்க்காமல் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

“எனக்கும் ஒரு படம் எடும்மா... விலா எலும்புல.”